பிள்ளையின் முகம் பற்றுச்சீட்டு அல்ல



அன்பின் உறவுகளே, இது கொஞ்சம் நீண்ட பதிவு. நேரம் எடுத்து முழுதாக வாசியுங்கள். உடன்படாதவர்கள் கீழே தாராளமாக எழுதுங்கள். நாங்களும் பதில் சொல்கிறோம்.

"பெரிய நிறுவனங்களுக்குக் குடுத்தா பாதிக் காசு வாகனத்துக்கும் ஹோட்டலுக்கும் போயிரும். ஏழைக்குப் போய்ச் சேர்றது மிச்சம் மீதிதான்." இந்தப் பேச்சை எங்கள் ஊரில் கேட்காதவர் யாராவது இருக்கிறீர்களா? தேநீர்க் கடையில் பேசுகிறார்கள், ஜும்ஆ முடிந்து வெளியே வரும்போது பேசுகிறார்கள், வட்ஸ்அப் குழுமங்களில் தினமும் பேசுகிறார்கள். ஆசிரியர் ஓய்வறையில் நாங்களும் பேசுகிறோம்.

இந்தச் சந்தேகம் தவறு என்று சொல்ல நாங்கள் வரவில்லை. அதற்கு நியாயம் இருக்கிறது. ஆனால் அந்தச் சந்தேகத்தின் விலையை இன்று கொடுத்துக்கொண்டிருப்பது எங்கள் வகுப்பறைப் பிள்ளைகள். அதைச் சொல்லத்தான் இந்தப் பதிவு.

முதலில் சந்தேகம் எங்கிருந்து வந்தது என்று பார்ப்போம்.

2004 டிசம்பர் 26 ஐ நம் கரையோரத்தில் யாரும் மறக்கவில்லை. இலங்கையில் 35,000 க்கும் மேற்பட்ட உயிர்கள் போயின. அதில் ஆகக் கூடிய இழப்பு நம் அம்பாறை மாவட்டத்துக்கு. அதன் பிறகு வந்த நிறுவனங்களின் பெயர்ப் பலகைகளை எண்ணி முடிக்க முடியாத ஒரு காலம் இருந்தது. அந்த நிவாரணப் பணிகளை மதிப்பீடு செய்ய சர்வதேச நிறுவனங்களே சேர்ந்து ஓர் அமைப்பை உருவாக்கி, 2006 இல் அறிக்கை வெளியிட்டன. அதன்படி, பாதிக்கப்பட்ட எல்லா நாடுகளுக்குமாகத் திரண்ட உதவி குறைந்தது 13.5 பில்லியன் டொலர். பாதிக்கப்பட்ட ஒருவருக்கு ஏறத்தாழ 7,100 டொலர் என்று கணக்குப் போட்டிருந்தார்கள். அதே 2004 இல் பங்களாதேஷில் வெள்ளத்தால் பாதிக்கப்பட்ட ஒருவருக்குக் கிடைத்தது வெறும் 3 டொலர்.

7,100 டொலர். இப்போது உங்கள் வீட்டு மூத்தவர்களிடம் கேளுங்கள், கையில் வந்தது என்ன என்று. சிலருக்கு நல்ல வீடு கிடைத்தது, அதை மறுக்கக் கூடாது. அந்த வீடுகளில்தான் எங்கள் மாணவர்கள் பலர் இன்றும் வாழ்கிறார்கள். ஆனால் தோணிக் கதையும் எல்லோருக்கும் ஞாபகம் இருக்கும். இலங்கைக் கரையில் சிறிய படகுகள் தேவைக்கு அதிகமாகக் கொடுக்கப்பட்டன, அதில் பல கடலுக்கே உதவாதவை என்று பின்னர் வந்த ஆய்வுகளே பதிவு செய்தன. கடலுக்குப் போகாதவனுக்குத் தோணி, போகிறவனுக்கு ஒன்றும் இல்லை என்ற நிலை பல கரைகளில் இருந்தது.

நுரைச்சோலையைப் பற்றி நாங்கள் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. சவூதி அரேபியாவின் நிதியில் 500 வீடுகள் கட்டப்பட்டன. யாருக்குக் கொடுப்பது என்ற பிரச்சினை உயர் நீதிமன்றம் வரை போனது. வீடுகள் ஆண்டுக்கணக்கில் பூட்டிக் கிடந்து, காடு மண்டின. அது பணம் திருடு போன கதை அல்ல. காணி, இனம், அரசியல் எல்லாம் கலந்த கதை. ஆனால் பன்னிரண்டு அடிக் கொட்டிலில் பிள்ளைகளோடு இருந்த தாய்க்கு அந்த வித்தியாசம் எதற்கு? காசு வந்தது, வீடு வரவில்லை. அவ்வளவுதான் அவருக்குத் தெரியும்.

இது நமது நாட்டின் நோய் மட்டும் என்றும் நினைக்க வேண்டாம். 2010 ஜனவரியில் ஹெய்ட்டி நாட்டில் பெரிய பூமியதிர்ச்சி ஏற்பட்டது. அமெரிக்க செஞ்சிலுவைச் சங்கம் அதற்காக மக்களிடம் ஏறத்தாழ 50 கோடி டொலர் திரட்டியது. 2015 இல் ப்ரோபப்ளிகா என்ற செய்தி நிறுவனமும் அமெரிக்கத் தேசியப் பொது வானொலியும் சேர்ந்து தேடிப் பார்த்தன. 130,000 பேருக்கு வீடு கொடுத்தோம் என்று சங்கம் சொல்லிக்கொண்டிருந்தது. நிரந்தரமாகக் கட்டப்பட்ட வீடுகள் ஆறு. ஆம், ஆறே ஆறு. தற்காலிக இருப்பிடம், வீடு திருத்தும் பயிற்சி எல்லாவற்றையும் சேர்த்துத்தான் அந்தப் பெரிய எண்ணிக்கை வந்திருந்தது. காணி உறுதிச் சிக்கல், கொலரா என்று சங்கம் சொன்ன காரணங்களில் உண்மையும் இருந்தது. ஆனால் ஒரு டொலரில் 91 சதம் மக்களுக்கே போகிறது என்று அவர்கள் சொல்லி வந்ததும் நிற்கவில்லை. 2016 இல் செனட்டர் சக் கிராஸ்லி வெளியிட்ட அறிக்கையில், நிர்வாகம், நிதி திரட்டல் போன்ற உள்செலவுகளுக்கு ஏறத்தாழ நான்கில் ஒரு பங்கு, அதாவது 12 கோடி டொலருக்கு மேல் போயிருந்தது தெரிய வந்தது. சங்கம் காசை வேறு நிறுவனங்களுக்குக் கொடுத்தது. அவை தம் பங்குக்கு நிர்வாகச் செலவு எடுத்தன. அவற்றை மேற்பார்வை செய்ததற்கு சங்கமும் எடுத்தது.

ஆகவே, சந்தேகப்படும் சகோதரர்களே, உங்களை நாங்கள் குறை சொல்லவில்லை.

இனி விஷயத்துக்கு வருவோம். மக்கள் சந்தேகப்படத் தொடங்கியதும் நிறுவனங்கள் என்ன செய்தன? கணக்கைத் திறந்து காட்டினார்களா? சிலர் காட்டினார்கள். பெரும்பாலானோர் கண்டுபிடித்த வழி வேறு. படம் எடுக்கத் தொடங்கினார்கள்.

ஒவ்வொரு வருடமும் முதலாம் தவணை தொடங்கும்போது எங்கள் பாடசாலைகளில் நடப்பது இதுதான். "தேவையுள்ள பிள்ளைகள் ஐம்பது பேரின் பெயர் தாருங்கள்" என்று தகவல் வரும். நாங்கள் பட்டியல் எழுதுவோம். ஒரு நாள் லொறியில் புத்தகப்பைகள் வரும். பின்னால் பெனர் கட்டுவார்கள். பிள்ளைகளை வரிசையில் நிறுத்தி, பையை நெஞ்சுக்கு முன்னால் பிடிக்கச் சொல்லி, நிறுவனத்தின் இலச்சினை தெரியும்படி திருப்பச் சொல்லி, ஒருவர் ஒருவராகப் படம் எடுப்பார்கள். "சிரிங்க மகன்" என்பார்கள். மாலையில் அந்தப் படங்கள் பேஸ்புக்கில் வரும். "வறிய மாணவர்களுக்கு", "தாய் தந்தையை இழந்தவர்களுக்கு" என்று தலைப்பும் இருக்கும்.

அடுத்த நாள் வகுப்பில் என்ன நடக்கிறது என்று அந்தப் படத்தில் வராது. அந்தப் பையைத் தூக்கிக்கொண்டு வருகிறவன் யார் என்று முழுப் பாடசாலைக்கும் தெரியும். ஆண்டு மூன்று, நான்கு படிக்கும் சின்னதுகளுக்கு அது விளங்காது. ஆனால் ஆண்டு எட்டு, ஒன்பதுக்கு வந்த பிள்ளைக்கு நன்றாக விளங்கும். பை கொடுக்கும் நாளில் வேண்டுமென்றே பாடசாலைக்கு வராமல் நிற்கும் பிள்ளைகள் இருக்கிறார்கள். இலச்சினையைப் பேனையால் கிறுக்கி அழிக்கும் பிள்ளைகள் இருக்கிறார்கள். "என்ட மகள்ட பேர வெட்டி விடுங்க சேர், பை தேவை, ஆனா படம் வேணாம்" என்று வாசலில் நின்று கேட்கும் தாய்மார் இருக்கிறார்கள். கலாசாலையில் எங்களுக்குப் பிள்ளை உளவியல் படிப்பித்தார்கள். அதெல்லாம் இல்லாமலே இது விளங்கும்.

சரி, அந்தப் படம் நமக்கு என்ன சொல்கிறது? ஒரு பிள்ளையிடம் ஒரு பை இருந்தது என்று சொல்கிறது. எத்தனை பை வாங்கினார்கள், ஒன்று என்ன விலை, எந்தக் கடையில், அந்தக் கடை யாருடையது, வந்த காசு எவ்வளவு, மிச்சம் எங்கே என்ற எதையும் சொல்லாது. ஐம்பது பைக்குப் படம் எடுத்துவிட்டு நூறு பைக்குக் கணக்கு எழுதினாலும் படம் அதேதான். ஏமாற்ற நினைப்பவனுக்குப் படத்தைப் போல வசதியான மறைப்பு வேறு கிடையாது. நேர்மையாக வேலை செய்கிறவனுக்கும் அது சாட்சியாகாது.

நாம் கேட்க வேண்டியது கணக்கு. நமக்குக் காட்டுவது பிள்ளையின் முகம். அதைப் பார்த்து நாமும் "மாஷா அல்லாஹ்" போட்டு, பகிர்ந்து, திருப்திப்பட்டுக் கொள்கிறோம். இந்த வியாபாரத்தில் நமக்கும் பங்கு இருக்கிறது.

"அதுதான் நாங்க நிறுவனங்களுக்கே குடுக்கிறல்ல, நேரா ஆளுக்கே குடுக்கிறம்" என்று சிலர் சொல்கிறார்கள். நல்லது. உங்கள் அயலவர், உறவினர் என்றால் அதைவிடச் சிறந்தது எதுவும் இல்லை. ஆனால் இப்போது நேராகக் கொடுப்பது என்றால் பெரும்பாலும் வட்ஸ்அப்பில் வரும் செய்திக்குக் கொடுப்பதுதான். சிறுநீரக மாற்றுச் சிகிச்சை, இருதய சத்திரசிகிச்சை, ஒரு படம், ஒரு வங்கிக் கணக்கு இலக்கம். பல உண்மையானவை. சில பழைய செய்தி, நோயாளி மௌத்தாகி மாதங்கள் ஆன பிறகும் சுற்றிக்கொண்டிருக்கும். எவ்வளவு சேர்ந்தது, போதுமா, மிச்சத்தை என்ன செய்தார்கள் என்று யாரும் கேட்பதில்லை. இதில் யாருக்குக் காசு சேரும்? நன்றாக எழுதத் தெரிந்த உறவினர் உள்ளவருக்கும், பார்த்தவுடன் கண் கலங்க வைக்கும் படம் உள்ளவருக்கும். வெட்கப்பட்டு வீட்டுக்குள் இருக்கும் கைம்பெண்ணுக்கு அங்கும் இடமில்லை. நிறுவனத்தை நம்பாமல் வெளியே வந்தோம். வந்து சேர்ந்த இடத்திலும் ஏழை தன் முகத்தைக் காட்டினால்தான் காசு.

இனி நிர்வாகச் செலவு என்ற விஷயம். இதில் நமது ஊர்ப் பேச்சு கொஞ்சம் திருந்த வேண்டும் என்பது எங்கள் கருத்து. "ஒரு சதம்கூட நிர்வாகத்துக்கு எடுக்கக் கூடாது" என்கிறோம். அல்லாஹ் ஸகாத்தைப் பெறத் தகுதியான எட்டுக் கூட்டத்தாரைச் சொல்லும்போது, ஏழைகளையும் வறியவர்களையும் அடுத்து மூன்றாவதாகச் சொல்வது அதைச் சேகரித்து நிர்வகிக்கும் ஊழியர்களைத்தான். வேலைக்குக் கூலி உண்டு என்பது மார்க்கமே ஏற்றுக்கொண்ட விஷயம். லொறி எண்ணெய் இல்லாமல் ஓடாது. கணக்காளர் சம்பளம் இல்லாமல் கணக்கு எழுதமாட்டார். கணக்கு எழுத ஆள் வைக்காதே என்றும் சொல்லிவிட்டு, கணக்கு எங்கே என்றும் கேட்டால் எப்படி?

நம் பகுதியில் நன்கொடையாகக் கட்டிய குழாய்க் கிணறுகளைப் பாருங்கள். திறப்பு விழாவுக்குப் படம் உண்டு, பளிங்குக் கல்லில் பெயர் உண்டு. இரண்டு வருடத்தில் பம்பி பழுதானால் பார்க்க ஆள் இல்லை. ஏன்? பராமரிப்புக்குக் காசு ஒதுக்கினால் அது "நிர்வாகச் செலவு" ஆகிவிடும், கொடுப்பவர்களுக்குப் பிடிக்காது. ஆகவே கிணற்றுக்குக் காசு உண்டு, தண்ணீருக்கு இல்லை.

ஆகவே நிர்வாகச் செலவு இருப்பதில் குற்றம் இல்லை. அதை மறைப்பதில்தான் குற்றம். ஹெய்ட்டியில் மக்களின் நம்பிக்கையை உடைத்ததும் அதுதான்.

மறைக்காமல் நடந்ததற்கும் சுனாமிக் காலத்திலேயே ஓர் உதாரணம் இருக்கிறது. எல்லைகளற்ற வைத்தியர்கள் அமைப்பு, அலை அடித்து சுமார் ஒரு வாரத்துக்குள், "சுனாமிக்கு எங்களால் செய்யக்கூடிய வேலைக்குப் போதுமான காசு வந்துவிட்டது, இனி இதற்கென்று அனுப்ப வேண்டாம்" என்று பகிரங்கமாகச் சொன்னது. ஏற்கெனவே கொடுத்தவர்களிடம், மிஞ்சும் காசை வேறு அவசரத் தேவைகளுக்குப் பயன்படுத்தலாமா என்று அனுமதி கேட்டது. உலகமே காசை அள்ளிக் கொடுத்த நேரத்தில் "போதும்" என்று சொன்னார்கள். நம்பிக்கை அப்படித்தான் சம்பாதிக்கப்படுகிறது. அதற்கு ஒரு பிள்ளையின் படமும் தேவைப்படவில்லை.

"கணக்குக் கேட்பது கெட்ட எண்ணம், கொடுத்துவிட்டால் அல்லாஹ்விடம் விட்டுவிட வேண்டும்" என்று சிலர் சொல்வார்கள். நிர்வாகத்தில் இருப்பவர்கள் இதை இன்னும் கொஞ்சம் சத்தமாகச் சொல்வார்கள். ஸகாத் வசூலிக்கப் போன ஒருவர் திரும்பி வந்து, இது உங்களுக்கு, இது எனக்கு அன்பளிப்பாகக் கிடைத்தது என்று பிரித்து வைத்தபோது, நபி (ஸல்) அவர்கள் அதை அப்படியே விட்டுவிடவில்லை. அவர் தன் தாய் தந்தை வீட்டில் உட்கார்ந்திருந்தால் அந்த அன்பளிப்பு வந்திருக்குமா என்று எல்லோர் முன்னிலையிலும் கேட்டார்கள். கலீபா உமர் (ரழி) அவர்களிடம், எல்லோருக்கும் ஒரு துண்டுத் துணி கிடைத்திருக்க உங்களுக்கு மட்டும் எப்படி நீளமான ஆடை என்று சபையில் ஒருவர் கேட்ட சம்பவத்தை நாம் குத்பாக்களில் எத்தனை முறை கேட்டிருக்கிறோம்? அவர் கோபப்படவில்லை. மகனை எழுந்து பதில் சொல்ல வைத்தார். அமானிதத்துக்குக் கணக்குக் கேட்பது நமது மரபு.

அதே மார்க்கம்தான் வலது கை கொடுப்பதை இடது கை அறியாமல் கொடுப்பதையும் புகழ்ந்தது. கணக்கு வெளிச்சத்தில் இருக்க வேண்டும், வாங்குபவர் மறைவில் இருக்க வேண்டும். நாம் இரண்டையும் மாற்றி வைத்திருக்கிறோம்.

"படம் இல்லாவிட்டால் வெளிநாட்டுக்காரர் காசு தரமாட்டார்" என்று களத்தில் வேலை செய்யும் தம்பிமார் சொல்வார்கள். அவர்களின் கஷ்டம் எங்களுக்கு விளங்குகிறது. படம் எடுங்கள். பைகள் அடுக்கியிருக்கும் களஞ்சியத்தை எடுங்கள், கடைப் பற்றுச்சீட்டை எடுங்கள், கிணற்றை எடுங்கள், அடுத்த வருடமும் போய் எடுங்கள். வாங்கியவர்களின் கையொப்பப் பட்டியலைக் கணக்காய்வாளருக்கு மட்டும் காட்டுங்கள். பிள்ளையின் முகத்தை விட்டுவிடுங்கள்.

கொடுப்பவர்களுக்கு நாங்கள் சொல்வது, ரசீது வாங்குவதோடு நிற்காமல் இந்த ஐந்தையும் கேளுங்கள்:

1. போன வருடம் எவ்வளவு வந்தது, எவ்வளவு செலவானது, எவ்வளவு மிச்சம்? கணக்காய்வு செய்த அறிக்கை எங்கே பார்க்கலாம்?

2. என் காசு பயனாளியிடம் போக முன் எத்தனை நிறுவனங்களின் கை மாறுகிறது? ஒவ்வொரு கையும் எவ்வளவு எடுக்கிறது?

3. நிர்வாகச் செலவு எவ்வளவு? "பூச்சியம்" என்று சொன்னால், அப்படியானால் சம்பளத்தை யார் கொடுக்கிறார்கள்?

4. பயனாளிகளைத் தெரிவு செய்வது யார்? எந்த அளவுகோலில்? விடுபட்டவர் யாரிடம் முறையிடலாம்?

5. ஒரு வருடம் கழித்துப் போய்ப் பார்ப்பது யார்?

நேர்மையான நிறுவனம் இந்தக் கேள்விகளுக்குக் கோபப்படாது. பதில் தயாராக வைத்திருக்கும்.

இன்னொன்றையும் பலர் அறியாமல் இருக்கிறோம். 2016 ஆம் ஆண்டின் 12 ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டம் அரச அலுவலகங்களுக்கு மட்டும் உரியது அல்ல. அரசாங்கமோ, வெளிநாட்டு அரசாங்கமோ, சர்வதேச அமைப்போ கணிசமாக நிதியளித்து, பொதுமக்களுக்குச் சேவை வழங்கும் அரச சார்பற்ற நிறுவனங்களும் அதற்குள் வருகின்றன. அந்தச் சேவை பற்றிய தகவலை நாம் கேட்கலாம். தகவல் அலுவலர் 14 வேலை நாட்களுக்குள் தன் தீர்மானத்தைச் சொல்ல வேண்டும். உங்கள் கிராமத்தில் ஒரு திட்டம் பாதியில் நின்றிருந்தால், சந்தியில் நின்று ஏசுவதைவிட ஒரு தாளில் எழுதிக் கேட்பது பலன் தரும். எழுதத் தெரியாதவர்களுக்கு எழுதிக் கொடுக்க ஆசிரியர்கள் நாங்கள் இருக்கிறோம்.

கடைசியாக, பெரிய நிறுவனங்களிடம் கேட்கும் தகுதி நமக்கு வர வேண்டுமென்றால் நம் வீட்டில் இருந்து தொடங்க வேண்டும். நம் பள்ளிவாசலின் ஸகாத் நிதிக்கு வந்தது எவ்வளவு, எத்தனை குடும்பத்துக்கு எந்த வகையில் போனது, மிச்சம் எவ்வளவு? பெயர்கள் வேண்டாம், எண்கள் போதும். ஒரு தாளில் அடித்து அறிவித்தல் பலகையில் ஒட்டலாம். எங்கள் பாடசாலை அபிவிருத்திச் சங்கக் கணக்கும் அப்படித்தான். வருடாந்தக் கூட்டத்தில் வேகமாக வாசித்துவிட்டு மடித்து வைப்பதை விட்டு, வாசலில் ஒட்ட வேண்டும். இதை ஆசிரியர்களாகிய எங்களுக்கும் சேர்த்தே சொல்கிறோம். 2019 க்குப் பிறகு நம் சமூகத்தின் நன்கொடைகள் மீது வெளியாரின் கண்ணும் எப்படி விழுந்தது என்பதை எல்லோரும் அனுபவித்தோம். அப்படியான நேரத்தில் ஒரு சமூகத்துக்குத் துணை நிற்பது ஒழுங்காக எழுதிய கணக்குப் புத்தகம்தான்.

அடுத்த தவணைக்கு முன் பைகளும் கொப்பிகளும் கொடுக்க நினைக்கும் சங்கங்கள், வெளிநாட்டில் இருக்கும் நம் உறவுகள், நிறுவனங்கள் எல்லோருக்கும் எங்கள் வேண்டுகோள் ஒன்றே. தாராளமாகக் கொடுங்கள். இலச்சினை இல்லாத பையாகக் கொடுங்கள். எங்களிடம் தாருங்கள், பிள்ளையின் வீட்டுக்கு இரவில் கொண்டுபோய்க் கொடுக்க நாங்கள் தயார். வாங்கிய பெற்றோரின் கையொப்பத்தோடு கணக்கை உங்கள் கையில் ஒப்படைக்கவும் தயார். கேமராவை மட்டும் பாடசாலை வாசலுக்கு வெளியே விட்டு வாருங்கள்.

அல்லாஹ் நம் தர்மங்களைக் கபூல் செய்வானாக.

இந்தப் பதிவோடு உடன்படுகிறவர்கள் "மாஷா அல்லாஹ்" போட வேண்டாம். உங்கள் பள்ளிவாசல் நிர்வாகத்திடம் போய் ஒரு கேள்வி கேளுங்கள். கிடைத்த பதிலை இங்கே எழுதுங்கள்.

வஸ்ஸலாம்.